தீபத்தன்று வேலூரில் பரீட்சை

எங்கள் வீட்டில் பெண் எடுத்தவர்கள், பெண் கொடுத்தவர்கள், ஒரு காலத்தில் பக்கத்து வீட்டில் குடியிருந்தவர்கள் என்று எல்லோருக்கும் வருஷத்துக்கு ஒரு தடவை எங்கள் மேல் பாசம் பொங்கும். கார்த்திகை தீபத்துக்கு முந்தின வாரம் பொங்கும். "தீபத்துக்கு வர்றோம்" என்பார்கள். வரலாமா என்று யாரும் கேட்டதில்லை. திருவண்ணாமலையில் அந்த நேரத்தில் லாட்ஜில் ரூம் கிடைக்காது. அப்பா வீடோ அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. மாடிக்குப் போய் நின்றால் மலை உச்சி நேராகத் தெரியும். இதைவிட அவர்களுக்கு வேறென்ன வேண்டும்? பாய், தலையணை, காலையில் இட்லி, ராத்திரி அடை எல்லாம் எங்கள் பொறுப்பு, புண்ணியம் மட்டும் அவர்களுக்கு.

அந்த வருஷம் தீபம் ஞாயிற்றுக்கிழமை வந்தது. என் தங்கை சிந்துஜாவின் பரீட்சையும் அதே ஞாயிற்றுக்கிழமை. அதுவும் வேலூரில்.

பெரிய மேனேஜ்மென்ட் காலேஜ்களில் எம்பிஏ சேர எழுதுகிற நுழைவுத்தேர்வு அது. கேட் என்பார்கள். என் அம்மா ரேணுகாம்பாள் கடைசிவரை அதை 'வேலூர் பரீட்சை' என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பா அதுகூடச் சொல்லவில்லை. "அவ எழுதறது" என்பார், அவ்வளவுதான்.

நான் ரேவதி. போளூர் ரோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், கரண்ட் பில் கட்டவும் ஆதாரில் விலாசம் மாற்றவும் வருகிற ஜனங்கள், இதுதான் என் உலகம். எனக்கு வாய் ஜாஸ்தி என்று என் வீட்டுக்காரர் சுரேஷ்குமார் ஊர் பூராவும் சொல்லி வைத்திருக்கிறார். வாய் இல்லாமல் கடை நடத்திப் பார்க்கட்டும் அவர்.

சிந்து அப்படி இல்லை. பேச மாட்டாள், பார்த்துக்கொண்டிருப்பாள். பி.காம் முடித்துவிட்டு செங்கம் ரோட்டில், ரமணாசிரமம் பக்கம் ஒரு கஃபேயில் பில் போடுகிற வேலைக்குப் போனாள். வெள்ளைக்காரர்கள் ஒரு காபியை வைத்துக்கொண்டு அரை நாள் உட்காருகிற இடம். வீட்டுக்கு வந்தால் எந்த மேஜை வீணாகிறது, எந்த நேரத்தில் ஆள் வேண்டாம் என்று எனக்குக் கதை சொல்வாள். அப்பா பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில் இளநீர்க் கடை போடுவார். வருஷக்கணக்காக அதே வேப்பமரத்தடியில் போட்டுக்கொண்டிருந்தார். சிந்து ஒரு பௌர்ணமிக்குக் கூடவே நின்று பார்த்துவிட்டு, "அப்பா, இங்க எல்லாரும் வேகமா நடக்கறாங்க. அந்த வளைவு தாண்டி கால் வலிச்சு ஒக்கார்றாங்க பாருங்க, அங்க போடுங்க" என்றாள். போட்டார். அன்றைக்கு விடிவதற்குள் காய் தீர்ந்துவிட்டது. அது தன் யோசனைதான் என்று அப்பா இன்றுவரை ஊரில் சொல்லிக்கொண்டிருக்கிறார். சிந்து திருத்தவில்லை, சிரித்துக்கொண்டாள். ஆனால் அவளுக்கு அன்றைக்கு ஏதோ பிடித்துவிட்டது. ஒரு தொழிலை எப்படி நடத்துவது என்று முறையாகப் படிக்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது.

கஃபேக்கு வந்த இரண்டு சென்னைப் பெண்கள் தடித்தடியாகப் புத்தகம் வைத்துக்கொண்டு இந்தத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். என்ன பரீட்சை என்று கேட்டிருக்கிறாள். அன்று சாயங்காலமே என் கடைக்கு ஓடி வந்தாள்.

"அக்கா, அப்ளிகேஷன் இந்த வாரத்தோட மூடிடுவானாம். நான் போடட்டா?"

"எவ்வளவு நாள் படிக்கணும்டி இதுக்கு?"

"அவங்க ரெண்டு வருஷமா படிக்கறாங்களாம்."

"நீ?"

"எனக்கு புரட்டாசில பாதி இருக்கு, ஐப்பசி இருக்கு, கார்த்திகைல பாதி இருக்கு" என்றாள். சிரிக்கவில்லை. அதனால் நானும் சிரிக்காமல் அப்ளிகேஷனைத் திறந்தேன்.

இன்னொரு விஷயமும் அப்போது ஓடிக்கொண்டிருந்தது. ஆவணியிலேயே செய்யாற்றிலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. பையன் பெயர் ராஜா, ஒரகடத்தில் கார் கம்பெனியில் வேலை. அப்பாவுக்கு அந்த இடம் ரொம்பப் பிடித்துப்போயிருந்தது. சிந்து வேண்டாம் என்று சொல்லவில்லை. இப்போது வேண்டாம் என்றாள். எங்கள் வீட்டில் அந்த இரண்டுக்கும் வித்தியாசம் கிடையாது.

நான்தான் அப்பாவிடம் சண்டைக்குப் போனேன். அப்பா வேடியப்பன் கோபக்காரர் இல்லை, குரலை உயர்த்தவே மாட்டார். கொல்லையில் மல்லாட்டைச் செடியை உதறி வேர்க்கடலையைப் பறித்துக்கொண்டே என் கத்தலை எல்லாம் கேட்டார். பிறகு நிமிர்ந்து, "எழுதட்டும்மா. நான் இன்னா வேணான்னா சொல்றேன்? பரீட்சை எழுதற வரைக்கும் இந்த வூட்ல கல்யாணப் பேச்சே எடுக்க மாட்டேன். போதுமா? நான் ஒரு வார்த்த சொன்னா சொன்னதுதான்னு ஒனக்குத் தெரியும்" என்றார்.

தெரியும். சொன்ன வார்த்தைக்காக ஏமாந்து நிலத்தில் ஒரு துண்டை விட்டவர் அவர். சிந்து அவர் காலில் விழாத குறை. பரீட்சையில் நல்லபடியாக வந்தால் அனுப்பிவைப்பார் என்று நாங்கள் இரண்டு பேரும் எடுத்துக்கொண்டோம். வந்தால் படிப்பு, வராவிட்டால் செய்யாறு. அக்காவும் தங்கையும் அதை அப்படியே நம்பினோம்.

அதற்கப்புறம் சிந்து கஃபே வேலையை விட்டுவிட்டு என் கடையிலேயே கிடந்தாள். பரீட்சை கம்ப்யூட்டரில் என்பதால் மாதிரித் தேர்வையும் கம்ப்யூட்டரில்தான் எழுதிப் பழக வேண்டும். கடையில் இருப்பதோ ஒன்று. அவள் பாதித் தேர்வில் இருப்பாள், யாராவது வந்து "யம்மா, கரண்ட் பில்லு" என்பார்கள். அவள் எழுந்து நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டு, கேள்வியை மனசில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி நிற்பாள். நான் பில் கட்டிவிட்டு எழுந்ததும் உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து தொடங்குவாள். கடிகாரம் மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும்.

முதல் மாதிரித் தேர்வில் வாங்கிய மதிப்பெண்ணை என்னிடம் காட்டவே இல்லை. திரையை மூடிவிட்டுக் கடைக்குப் பின்னால் போய் மூஞ்சி கழுவிக்கொண்டு வந்தாள். மூன்று பகுதி இருக்கிறது. ஆங்கிலப் பத்திகள், புதிர் மாதிரியான கணக்குகள், சாதாரணக் கணக்கு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நேரம். நேரம் முடிந்தால் கம்ப்யூட்டரே கதவைச் சாத்திவிடும், திரும்பப் போக முடியாது. தப்பாக எழுதினால் இருக்கிற மதிப்பெண்ணும் கம்மியாகும். அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் தமிழில் படித்த பெண், மீன்களின் மூளையைப் பற்றியும் ஐரோப்பாவில் யாரோ வரைந்த ஓவியத்தைப் பற்றியும் இங்கிலீஷில் பத்தி பத்தியாகப் படித்து, எழுதினவன் மனசில் என்ன நினைத்தான் என்று சொல்ல வேண்டும். அவன் என்ன நினைத்தானோ, நான் அவனைப் பற்றி நினைத்ததை இங்கே எழுத முடியாது.

ஒரு வாரம் கழித்து வந்து சொன்னாள். "அக்கா, நான் தப்பா படிச்சினு இருக்கேன். எல்லாத்தையும் படிக்கப் பாக்கறேன். நமக்கு அவ்வளவு நாள் இல்ல. எதையெல்லாம் விடறதுன்னு மொதல்ல முடிவு பண்ணணும்."

விட ஆரம்பித்தாள். வடிவ கணிதத்தில் பாதியை விட்டாள். மடக்கையை விட்டாள். நான்கு புதிர் வந்தால் எல்லாவற்றையும் முதலில் படித்துப் பார்த்து எதைத் தொடக்கூடாது என்று கண்டுபிடிப்பதற்கே தனியாகப் பயிற்சி எடுத்தாள். தூக்கத்தை விட்டாள். சிநேகிதி அபிநயாவின் கல்யாணத்துக்குப் போகவில்லை, அதில் அந்தப் பெண் இன்னும் பேசுவதில்லை. கன்னம் ஒட்டி, கண்ணுக்குக் கீழே கருத்துப்போய் ஆளே மாறிவிட்டாள். ஆனால் மதிப்பெண் ஏறியது. ஏறி இறங்கி ஏறியது. ஒரு நாள் மத்தியானம், கடையில் யாரும் இல்லாத நேரம், திரையைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். "இன்னாடி?" என்றேன். "இந்த மார்க்கு அன்னைக்கு வந்தா எனக்கு எங்கனா எடம் கெடைக்கும்கா" என்றாள் மெதுவாக. சத்தமாகச் சொன்னால் ஓடிவிடும் என்று பயந்தவள் போல.  டீக்கடைக்குப் போய் இரண்டு பேருக்கும் பஜ்ஜி வாங்கி வந்தேன்.

அதற்குள் கோயிலில் கொடி ஏறிவிட்டது. பத்து நாள் திருவிழா. ரோட்டுக்கு ரோடு ஸ்பீக்கர். என் கடை வாசலில் ஒன்றைக் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள். தேர் அன்றைக்குக் கடையைத் திறக்கவே முடியவில்லை. சிந்து அடி அண்ணாமலைக்கே போய்ப் படிக்கிறேன் என்று போனாள், நானும் கூடப் போனேன். அங்கே சொந்தக்காரர்கள் இறங்க ஆரம்பித்திருந்தார்கள். கூடத்தில் பெரியவர்கள், மாடியில் குழந்தைகள், குளியலறை வாசலில் வரிசை. அம்மாவுக்கு அடுப்பை விட்டு நகர முடியவில்லை. கூப்பிடாமலேயே சிந்து போய் நின்றாள். தோசைக்கல் முன்னால் நின்றுகொண்டு வாய்க்குள் விகிதக் கணக்குப் போடுவாள். சித்தப்பா ஒருத்தர், "இன்னாம்மா, மந்திரமா?" என்று கேட்டுச் சிரித்தார். கீழ்பென்னாத்தூர் அத்தை, "இவ்ளோ படிச்சு இன்னா கலெக்டராவா ஆவப்போற?" என்றாள். "கலெக்டர் பரீட்சை வேறத்த" என்று சிந்து பொறுமையாக விளக்கினாள். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. அத்தையின் தோசையைக் கொஞ்சம் தீயவிட்டேன்.

பரீட்சை மத்தியானம் பன்னிரண்டரைக்கு. அதற்கு ரொம்ப முன்னாலேயே உள்ளே போய்விட வேண்டும். தீபத்தன்று கிரிவலப் பாதையில் சைக்கிள்கூட விட மாட்டார்கள். பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நின்றுவிடும். லட்சக்கணக்கான ஜனம் உள்ளே வருகிற அன்றைக்கு நாங்கள் வெளியே போக வேண்டும். எப்படி என்று நான் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது என் வீட்டுக்காரர் தானாகவே வந்தார்.

"வயக்காட்டு வழியா ஏரிக்கரை மேல பைக்ல இட்டுனு போய் போளூர் ரோட்ல பஸ் ஏத்தி விட்டுடறேன். நீயும் கூடப் போ ரேவதி. புள்ளைய தனியா அனுப்பாத. கடைய நான் பாத்துக்கறேன்" என்றார்.

குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டுகிற மனிதர். கல்யாணமான நாளிலிருந்து கடையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்ற வார்த்தை அவர் வாயில் வந்ததே இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை இப்போது நினைத்தால் என்னையே நாலு அறை விடலாம் போலிருக்கிறது.

விடிகாலையில் கிளம்பினோம். அப்பா வாசல்வரை வந்து சிந்துவின் நெற்றியில் திருநீறு வைத்தார். "பதட்டப்படாம எழுது. வீட்ட பத்தி யோசிக்காத" என்றார். அம்மா ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல் தயிர்சாதப் பொட்டலத்தைக் கையில் திணித்தாள். பைக்கில் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்து, சேற்றில் சறுக்கி, இரண்டு இடத்தில் இறங்கி நடந்து போளூர் ரோட்டைத் தொட்டோம். எதிர்ப்பக்கம் வந்த பஸ்களில் கூரைமேல்கூட ஆள். வேலூர் போகிற பஸ்ஸில் எங்களையும் சேர்த்து விரல்விட்டு எண்ணிவிடலாம். கண்டக்டர் எங்களை ஒரு மாதிரி பார்த்தார். "தீபத்தன்னிக்கு ஊர விட்டுப் போறீங்க?" என்றார். "சாமி எங்கயும் போவ மாட்டாரு, மலை அங்கயேதான் இருக்கும்" என்றேன்.

சென்டர் வாசலில் அவளை விட்டுவிட்டு, எதிரில் ஒரு கடை நிழலில் உட்கார்ந்திருந்தேன். என்னை மாதிரியே நிறைய அப்பா அம்மாக்கள். யாரிடமும் பேசத் தோன்றவில்லை. எந்தப் பகுதி ஓடிக்கொண்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். தயிர்சாதம் அப்படியே இருந்தது.

கூட்டத்தோடு கூட்டமாக வெளியே வந்தாள். முகத்தைப் பார்த்து எனக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்தில் வந்ததும் என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"அக்கா, நல்லா எழுதிட்டேன்."

"நெஜமா?"

"புதிர்ல ரெண்டு செட்டு தொடவே இல்ல. தொட்டிருந்தா செத்திருப்பேன். மீதிய முழுசா முடிச்சேன். இங்கிலீஷ்லகூட இந்தத் தடவ எனக்கு பயமா இல்லக்கா. விட வேண்டியத சரியா விட்டேன்."

வேலூர் பஸ் ஸ்டாண்டில் தயிர்சாதத்தை இரண்டு பேரும் ஒரே பொட்டலத்தில் சாப்பிட்டோம். பஸ்ஸில் அவள் பேசிக்கொண்டே வந்தாள். அத்தனை வருஷத்தில் அவள் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. இன்டர்வியூ எப்படி இருக்கும், எந்த ஊர் காலேஜ் கிடைத்தால் என்ன செய்வது, லோன் எந்த பேங்கில் கேட்பது, அப்பாவிடம் முதலில் நான் பேசுவதா அவள் பேசுவதா என்று எல்லாவற்றையும் வரிசைப்படுத்திக்கொண்டு வந்தாள். நான் வீட்டுக்கு ஃபோன் போட்டுப் பார்த்தேன், போகவில்லை. தீபத்தன்று அப்படித்தான், அத்தனை ஜனமும் ஒரே நேரத்தில் ஃபோன் பேசினால் எப்படிப் போகும் என்று விட்டுவிட்டேன்.

போளூர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் டிரைவர் பஸ்ஸை ஓரமாக நிறுத்தினார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்தோம். தூரத்தில் மலை இருட்டாக இருந்தது. திடீரென்று உச்சியில் ஒரு பொட்டு வெளிச்சம். பஸ் முழுக்க "அரோகரா" என்று சத்தம். சிந்துவும் கையெடுத்துக் கும்பிட்டாள். "இன்னா வேண்டிக்கின?" என்றேன். "ஒண்ணும் வேண்டிக்கல. தேங்க்ஸ் சொன்னேன்" என்றாள்.

காலையில் ஏறின இடத்திலேயே இறங்கிக்கொண்டோம். என் வீட்டுக்காரரைக் காணோம். ஃபோன் இப்போது போயிற்று, அவர் எடுக்கவில்லை. ஏரிக்கரை மேலேயே நடந்தோம். வழியில் இருந்த வீடுகளில் எல்லாம் வாசலில் அகல் ஏற்றியிருந்தார்கள். சின்னப் பிள்ளைகள் தீப்பொறி பறக்க மாவலி சுற்றிக்கொண்டிருந்தார்கள். கால் வலி தெரியவில்லை.

அப்பா வீட்டு வாசலில் செருப்பு நிறையக் கிடந்தது. எங்கள் சொந்தக்காரர்களின் செருப்பெல்லாம் ஒரு வாரமாகப் பார்த்துப் பழகியவை. இவை புதுசு. ஒரு வாடகைக் காரும் நின்றிருந்தது. போலீஸ் விடாத பாதையில் இது எப்படி வந்தது, நேற்றே வந்து பக்கத்துத் தெருவில் காத்திருந்ததா என்று யோசிக்கும்போதே உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

கூடத்தில் ஜமக்காளம் விரித்திருந்தது. நடுவில் வரிசையாகத் தட்டுகள். பழம், வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம், ஒரு பட்டுப்புடவை. எல்லாம் மாற்றி முடிந்து இடம் மாறியிருந்தன. அப்பா சந்தனம் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரில் ஒரு பெரியவரும் ஓர் அம்மாளும் உட்கார்ந்திருந்தார்கள். யார் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. செய்யாறுக்காரர்கள். மாப்பிள்ளை வரவில்லை, அவனுக்கு கம்பெனியில் ஷிஃப்டாம். பெண்ணும் இல்லாமல் மாப்பிள்ளையும் இல்லாமல் இரண்டு அப்பன்கள் உட்கார்ந்து தட்டு மாற்றி நிச்சயம் செய்து முடித்திருந்தார்கள். தட்டு மாற்றுவதற்குப் பெண் எதற்கு?

"வாம்மா, வா" என்று அப்பா எழுந்தார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். "எப்படிமா எழுதின?"

சிந்து வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். நான் அப்பாவைப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனேன். இழுத்துக்கொண்டுதான் போனேன்.

"இன்னாப்பா இது? இன்னா சொன்னீங்க நீங்க எங்ககிட்ட?"

"மெதுவா பேசு. சம்பந்தி காதுல விழப்போவுது."

"பரீட்சை முடியற வரைக்கும் பேச்சே எடுக்க மாட்டேன்னீங்களே!"

"எடுக்கலையே" என்றார் அப்பா. அவர் குரலில் பொய் இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "அவங்க நேத்தே ஊருக்கு வந்து தங்கினு, காலையிலயே நம்ம வூட்டுக்கு வந்துட்டாங்க. பத்தரைக்கே ஆரம்பிச்சுடலாம்னு அவரு சொன்னாரு. நான்தான் முடியவே முடியாதுன்னுட்டேன். எம் பொண்ணுக்கு வாக்குக் குடுத்திருக்கேன், அவ எழுதி முடிக்கட்டும்னேன். ரெண்டரைக்கு முடிஞ்சுதுல்ல? மூணு மணிக்கு மேலதான் ஜமக்காளமே விரிச்சோம். நாலரைக்கு ராகுகாலம், அதுக்குள்ள அவசர அவசரமா முடிச்சோம். வந்தவங்கள அவ்ளோ நேரம் ஒக்கார வெச்சிருந்தேன் ரேவதி, அவளுக்காக."

அவர் என்னைப் பாராட்டு எதிர்பார்க்கிற மாதிரி பார்த்தார். எனக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது. நாங்கள் பேரம் பேசியது பரீட்சை எழுதுவதற்கு. எழுதியதற்கு அப்புறம் என்ன என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வாக்கு கொடுத்த மனிதர் அதைக் கடைசி நிமிஷம்வரை காப்பாற்றியிருக்கிறார்.

"அவ போவணும்னுதானப்பா எழுதினா."

"எழுதறது வேற, போறது வேற. ஆச பட்டா, எழுதட்டும்னு விட்டேன். எந்த அப்பன் விடுவான்?"

அடுப்படி வாசலில் அம்மா நின்றிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. கூடத்தில் என் வீட்டுக்காரர் எல்லோருக்கும் காபி கொடுத்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்க்காமல் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். கடை காலையிலிருந்து பூட்டித்தான் கிடந்திருக்கிறது. பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கிறவளையும், வாய் ஜாஸ்தியானவளையும் ஒரே பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டு வந்திருக்கிறார். அந்தக் காபித் தட்டைப் பிடுங்கி அவர் தலையில் கவிழ்க்க வேண்டும்போல் இருந்தது. எதிரில் உட்கார்ந்திருந்தவர்களுக்காக விட்டேன்.

அதற்குள் மாப்பிள்ளையின் அம்மா சிந்துவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தாள். நல்ல மனுஷி மாதிரிதான் இருந்தாள், சிரித்த முகம். சிந்துவின் வெறும் காதைப் பார்த்துப் பதறினாள். பரீட்சை ஹாலில் நகை கூடாது என்று தோடு, மூக்குத்தி எல்லாம் கழற்றி வைத்துவிட்டுப் போயிருந்தாள் என்று அம்மா அவசரமாகச் சொன்னாள்.

"அப்படியா! அவ்ளோ பெரிய பரீட்சையா?" என்று அந்த அம்மாள் சிந்துவின் கையைத் தடவினாள். "உண்மைய சொல்றேன் கண்ணு. எம் பையன் மொதல்ல யோசிச்சினுதான் இருந்தான். வேற ரெண்டு எடமும் வந்துச்சு. பொண்ணு இந்த மாதிரி ஒரு பரீட்சை எழுதப்போறா, ராத்திரி பகலா படிக்கறான்னு ஒங்கப்பா சொன்னாரு பாரு, அதுக்கப்புறம்தான் இதையே பாருங்கன்னான். நாளைக்கு புள்ளைங்களுக்கு வூட்லயே சொல்லித் தர ஒருத்தி வேணும்ல?"

"டியூஷன் செலவு மிச்சம்" என்றார் பக்கத்தில் இருந்த பெரியவர். எல்லோரும் சிரித்தார்கள்.

சிந்து சிரிக்கவில்லை. அந்த அம்மாளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் அசைவது எனக்குத் தெரிந்தது. என் கடைச் சுவரைப் பார்த்துக்கொண்டு மனசுக்குள் கணக்குப் போடும்போது அசையுமே, அப்படி. பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி தெளிவாகச் சொன்னாள்.

"நான் ஒண்ணும் எழுதலிங்க."

என் வீட்டுக்காரர் காபித் தட்டைக் கீழே வைத்தார்.

"கேள்வியே புரியலிங்க. எதுவும் தெரியல. சும்மா ஒக்காந்துட்டு வந்தேன். எனக்குப் படிப்பே வராது. ரெண்டு மாசமா படிக்கற மாதிரி ஏமாத்தினு இருந்தேன். நான் மக்குங்க."

அப்பாவின் முகம் சிவந்தது. "இன்னாம்மா சொல்ற?" என்று எழுந்தார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.  விட வேண்டியதை விடுகிறாள் என்று புரிந்தது. இரண்டு மாசம் தூங்காமல் சேர்த்ததை, பஸ்ஸில் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டு வந்ததை, அத்தனை பேர் முன்னால் தன் கையாலேயே கிழித்துப் போடுகிறாள். படித்தவள் என்றுதானே வேண்டும் என்கிறார்கள், படிக்காதவளாகிவிட்டால் விட்டுவிடுவார்கள் என்று ஒரு கடைசிக் கணக்கு. மாப்பிள்ளையின் அம்மா திகைத்துப்போய்த் தன் வீட்டுக்காரரைப் பார்த்தாள். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், கணக்கு சரியாக வந்துவிட்டது என்று நினைத்தேன்.

சிந்து திரும்பி என்னைப் பார்த்தாள். ஆமாம் என்று சொல், என்று கேட்கிற பார்வை. நானும் வாயைத் திறந்தேன். "ஆமாங்க, அவளுக்குப் படிப்பு வராது" என்றேன். என் தங்கையைப் பற்றி அப்படிச் சொன்னேன்.

அந்த அம்மாள் பெருமூச்சு விட்டாள். பிறகு சிரித்தாள்.

"அட, இதுக்கா மூஞ்ச தூக்கி வெச்சினு இருக்கீங்க அக்காளும் தங்கச்சியும்? நான் வேற என்னமோன்னு பயந்துட்டேன். போனா போவுது வுடு கண்ணு. ஒன்ன இன்னா நாங்க வேலைக்கா அனுப்பப்போறோம்?" என்று சிந்துவின் கன்னத்தைத் தட்டினாள். "எழுதப் போனியே, அதுவே போதும். பத்திரிகைல பேருக்குப் பின்னால பி.காம் போட்டுக்கலாம்."

கூடம் முழுக்கச் சிரித்தது. எல்லோரையும்விட அப்பா சத்தமாகச் சிரித்தார், அவருக்கு உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. யாரோ மல்லிகைச் சரத்தை எடுத்து அந்த அம்மாளிடம் நீட்டினார்கள். "பொண்ணு வந்தப்புறம் வெக்கலாம்னு பூவ மட்டும் நிறுத்தி வெச்சிருந்தோம்" என்றாள் அவள். சரத்தை அவிழ்த்துக்கொண்டே எழுந்தாள். சிந்துவும் எழுந்து நின்றாள். எங்கள் வீட்டில் அவள்தான் உயரம்.

"எட்டலியே. கொஞ்சம் குனிம்மா" என்றாள் அந்த அம்மாள்.

சிந்து குனிந்தாள்.